பக்கத்தின் அகலம்

“டீச்சர், இந்தப் பக்கம் நான் சொல்ற மாதிரி நிக்க மாட்டேங்கு.”

ஜெபக்கனிக்கு வயது நாற்பத்து மூன்று. டீச்சர் தாஹிராவுக்கு இருபத்தேழு. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் வெப்சைட் வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, ஏதாவது வேலைதான் வரும்.

“என்ன செய்யுதுக்கா?”

“வீட்டு லேப்டாப்புல அழகா நடுவுல இருக்கு. இங்க உள்ள சின்ன ஸ்கிரீன்ல ஒடுங்கிப் போயிருது. பண்ணையில பெரிய ஸ்கிரீனு. அதுல கால நீட்டிப் படுத்துக்கிடுது.”

பண்ணை என்றால் பொன்னையாவின் நாற்றுப்பண்ணை. செடிகளின் படமும் பெயரும் போட்டு ஒரு பக்கம் செய்யச் சொல்லியிருந்தார். நாளை பார்ப்பார். பிடித்துவிட்டால் ஜெபக்கனிக்கு அங்கேயே வேலை.

முன்பும் ஒரு வேலை இருந்தது. எப்போது வருவீர்கள் என்று அந்த முதலாளி கேட்டபோது, “உங்க சௌகரியம் சார்” என்றாள். அவருடைய சௌகரியம் காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகூட முடியவில்லை. மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தாள், வேலை போயிற்று. இதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“அதான் மூணு ஸ்கிரீனுக்கும் தனித்தனி அளவு போட்டு மூணு ஸ்டைல் ஷீட் எழுதிட்டேன் டீச்சர். வீட்டுக்கு ரெண்டு ஓரத்துலயும் இருநூத்தி மூணு பிக்சல் மார்ஜின். இங்க முப்பத்திரெண்டு. பண்ணைக்கு நானூத்தி எம்பது.”

“நாலாவதா ஒரு ஸ்கிரீன் வந்தா?”

ஜெபக்கனி நாலாவது ஷீட் ஒன்றைத் திறக்கப் போனாள்.

“மூணையும் அழிங்கக்கா.”

“டீச்சர்!”

“அழிங்க. மார்ஜின் ரெண்டு பக்கமும் ஆட்டோன்னு மட்டும் எழுதுங்க. மிச்சம் இருக்கிறத ஸ்கிரீனே சரிபாதியா பிரிச்சிக்கிடும்.”

மனசே இல்லாமல் அழித்தாள். எழுதினாள்.

பக்கம் இரண்டு ஓரத்தையும் முட்டிக்கொண்டு நின்றது. இருந்த கொஞ்சநஞ்ச அழகும் போயிற்று. ஜெபக்கனிக்கு அழுகை வந்துவிட்டது.

“பிரிச்சிக்கிட மிச்சமே இல்லையே டீச்சர்.”

“பக்கத்தோட அகலம் என்ன?”

“ஸ்கிரீன் எவ்வளவு குடுக்கோ, அவ்வளவு.”

“ஸ்கிரீன நான் கேக்கலியே.”

இதைச் சொல்லிவிட்டு தாஹிரா டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனாள்.

ஜெபக்கனி கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்து முறைத்தாள். பிறகு பக்கத்தைப் பார்த்தாள்.

ஒரு வரிசைக்கு நாலு செடி. ஒவ்வொன்றுக்கும் இருநூற்று இருபத்தைந்து பிக்சல் வேண்டும், அதற்குக் குறைந்தால் பூ தெரியாது. நெருக்கியடிக்காமல் இருக்க நடுவில் மூன்று இடைவெளி, இருபது இருபதாக.

கூட்டினாள். தொள்ளாயிரத்து அறுபது.

இத்தனை நாளும் எல்லாத் திரைகளையும் அளந்தவள், இதை மட்டும் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அகலம் என்ற இடத்தில் அதை எழுதினாள்.

பக்கம் ஓரங்களை விட்டு விலகி நடுவில் வந்து நின்றது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்த் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நடுவில்தான் நின்றது.

தாஹிரா படியேறி வந்தாள்.

“இப்ப ஓரத்துல எவ்வளவு விட்டிருக்கீங்க?”

“தெரியலியே டீச்சர்.”

“தெரியணுமா?”

ஜெபக்கனி சிரித்துவிட்டாள்.

மறுநாள் பொன்னையா தன் பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார். செம்பருத்தியிலிருந்து நாரத்தை வரை ஒன்று விடாமல் பார்த்தார்.

“நல்லாருக்கும்மா. ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கே?”

“அது ஸ்கிரீனோட இடம் சார். நம்ம பக்கம் இவ்வளவுதான்.”

அவர் இன்னொரு முறை பக்கத்தின் உச்சிக்குப் போய்ப் பார்த்தார். தலையாட்டினார்.

“சரி, வேலைக்கு எப்ப எப்ப வருவீங்க?”

‘உங்க சௌகரியம் சார்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஜெபக்கனி ஒரு தடவை திரையைப் பார்த்துக்கொண்டாள்.

“பத்துல இருந்து நாலு வரைக்கும் சார்.”

“நமக்கு ஏழு மணிக்கே ஆள் வந்துருமே. சாயங்காலமும் கூட்டம் இருக்கும்.”

“இருக்கும் சார். பத்துல இருந்து நாலு, நான் இருப்பேன்.”

பொன்னையா மோவாயைத் தடவினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப திங்கக்கெழமை பத்து மணிக்கு வந்துருங்க.”