ஒரே ஒரு நீலப் பேனா

ஒரு ஊர்ல ஒரு கோபக்காரப் பொண்ணு. பேரு மாரீஸ்வரி, எட்டாப்பு படிச்சா. அவ அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பொறக்கும்போதே கோபக்காரி இல்ல, ஆக்கிட்டாங்க. ம் கொட்டு, சொல்றேன்.

அவ பள்ளிக்கூடத்துல ஞானதுரைன்னு ஒரு இங்கிலீஷ் சார். இங்கிலீஷ்ல நேத்து நடந்தா சிவப்பு மை, இன்னைக்குன்னா நீலம், நாளைக்குன்னா பச்சை. அப்படித்தான் நோட்டுல எழுதணும். மூணு பேனா இல்லாதவங்க கடைசி பெஞ்ச். மாரீஸ்வரிகிட்ட ஒரு நீலப் பேனாதான். கடைசி பெஞ்ச்ல ஏற்கெனவே நாலு பேர். நெருக்கி உக்காந்தா.

அப்புறம், டவுன்ல விடுதியோட பெரிய பள்ளிக்கூடம் ஒண்ணு. அதுல சேர ஒரு பரீட்சை. அதுலதான் மாரீஸ்வரி உசிரையே வச்சிருந்தா. பரீட்சைக்கு அனுப்ப சார் பட்டியல் போட்டாரு, அதுல கடைசி பெஞ்ச் ஆளுங்க ஒருத்தர் பேரும் இல்ல. ஏன் சார்னு கேட்டா.

"பேனாவுக்கே வக்கில்ல. உனக்குப் பரீட்சை ஒரு கேடா?"

குபுகுபுன்னு வந்துச்சு கோபம். அழல. வீட்டுக்குப் போயி நோட்டைத் திறந்தா, எல்லாம் ஒரே நீலம். எது நேத்து, எது நாளைன்னு நிறம் சொல்லாது. அப்போ என்ன பண்ணா? ஒவ்வொரு சொல்லா முறைச்சுப் பார்த்தா. அவ தினம் நடக்குறான்னா சொல்லோட வால்ல ஒரு எஸ். நடந்து முடிஞ்சா வால்ல ஈடி. இனிமேதான்னா முன்னால ஒரு வில். வாக், குக், ஜம்ப், எல்லாம் ஒரே மாதிரி. அடங்காத முரட்டுச் சொல்லும் சிலது உண்டு, அதைத் தனியா எழுதி மனப்பாடம் பண்ணா.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் ஒருநாள் டர்ர்ருன்னு ஜீப் வந்துச்சு. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஆபீசரம்மா இறங்கி, வெள்ளைச் சாக்பீஸால டக்டக்குன்னு போர்டுல எழுதினாங்க. 'ஷீ வாக்ஸ்'. இது எப்போ நடக்குதுன்னு கேட்டாங்க. முன் பெஞ்ச் மொத்தமும் முழிச்சுது. ஒருத்தன் எந்திரிச்சு, "மேடம், எந்தக் கலர்?"னான்.

மாரீஸ்வரி எந்திரிச்சா. தினம் நடக்குறதுனு சொன்னா. அப்புறம் 'ஷீ வாக்டு'. நடந்து முடிஞ்சுதுனு சொன்னா. அப்புறம் 'ஷீ வில் வாக்'. இனிமேதான்னு சொன்னா. மூணும் சரி.

ஞானதுரை சார் பல்லைக் காட்டிக்கிட்டு முன்னால வந்து, நான் தயார் பண்ண பிள்ளைனு ஆரம்பிச்சாரு. எனக்கே பத்திக்கிட்டு வருது, அவளுக்கு எப்படி இருக்கும்?

"இல்ல மேடம். மூணு பேனா இல்லன்னு என்னைப் பின்னால தள்ளினாரு. பட்டியல்லயும் பேரு இல்ல."

சார் மூஞ்சி சுண்டிப்போச்சு. ஆபீசரம்மா பட்டியலை வாங்கி, அவங்க கையாலயே மாரீஸ்வரி பேரை எழுதி, உக்காரும்மானு சொன்னாங்க.

அவ உக்காரல. கோபம் இன்னும் கொதிக்குது.

"இந்த பெஞ்ச்ல இன்னும் நாலு பேர் இருக்காங்க மேடம்."

ஆபீசரம்மா மூடின பேனாவைத் திரும்பத் திறந்தாங்க. நாலு பேரோட பேரையும் அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் மாரீஸ்வரி நின்னா. அப்புறம்தான் உக்காந்தா.

அவ உக்காந்துட்டா, கதையும் உக்காந்துருச்சு. நீ படுத்துக்க, கண்ணை மூடு.