உச்சி சாய்ந்த பிறகு ஊதிய சங்கு

ராசாக்கள் வெயிலில் நடந்து ஊர் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கேளுங்கள். அப்போது ஊருக்கு ஒரு மழைச்சங்கு. ஊதினால் மழை. ஆனால் ஒரு வெள்ளாமைக்கு மூன்று முறைதான் ஊதலாம்.

நெல்லங்குடியில் ஆண்டுதோறும் குடத்தில் ஓலை போட்டு, பெயர் வந்தவரிடம் சங்கைக் கொடுப்பார்கள். அவர் ஊதினால்தான் மழை வரும். விளைச்சல் பொய்த்தால் அவர் பிள்ளைகுட்டிகளோடு ஊரை விட்டுப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அங்கம்மையின் ஓலை வந்தது. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள்.

நாற்று விட்ட மறுநாளே, "ஊது" என்றார்கள். "நாத்தங்காலுக்குக் கிணத்துத் தண்ணி போதும்" என்று காத்திருந்தாள். நடவுக்குச் சேறு கலக்கும் நாளில் ஊதினாள்.

பயிர் பச்சைகட்டி நின்றபோது, "ஊது" என்றார்கள். காத்திருந்தாள். கதிர் தண்டுக்குள் பொதியாக இருக்க, வயல் வெடித்தபோது ஊதினாள்.

கதிர் வெளியே வந்து பூத்தது. வெயில் கொளுத்திய முற்பகலில் ராசா வந்தார். முந்தின நாள் இதே நேரத்தில், இங்கு போலவே பயிர் பூத்திருந்த பக்கத்து ஊரில் அவர் கேட்டதும் சங்கு ஊதிக் குளிரவைத்திருந்தார்கள்.

"வேர்க்கிறது. ஊது" என்றார் ராசா.

"உச்சி சாயட்டும், மகாராசா."

ஊர்த்தலைவர் மாரப்பன் குறுக்கே ஓடி வந்தார். "ஏ அங்கம்மை, யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

காவலன் வாளை உருவினான். அவள் சங்கை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"வெட்டுங்க. அப்புறம் நீங்கதான் ஊதிப் பாக்கணும்."

பிறகு ஒரு கதிரை ஒடித்து ராசாவிடம் நீட்டினாள். "நெல்லு வாயைத் திறந்திருக்கு, பாத்தீங்களா? உச்சி சாஞ்சா மூடிக்கும். இப்ப மழை விழுந்தா பூந்தூள் கழுவிக்கிட்டுப் போயிரும். பதர்தான் மிஞ்சும்."

ராசா பல்லைக் கடித்தார். ஆனாலும் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தார். வேர்த்தது, துடைத்தார். மறுபடி வேர்த்தது, துடைத்தார். உச்சி சாய்ந்தது. வயலில் திறந்திருந்த பூக்கள் ஒவ்வொன்றாக மூடின.

அங்கம்மை ஊதினாள். மழை கொட்டியது.

அறுவடைக்குப் பின் ராசா இரண்டு ஊர்க் களத்துக்கும் போனார். பக்கத்து ஊரில் முறத்தைத் தூக்கியதும் பாதிக்கு மேல் காற்றோடு பறந்தது. நெல்லங்குடியில் நெல் சரசரவென்று காலடியில் விழுந்து குவிந்தது.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராசா.

"அடுத்த வருஷமும் அறுப்பு முடிஞ்சு வாங்க, மகாராசா. பூக்குறப்ப மட்டும் வராதீங்க" என்றாள் அங்கம்மை.

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ராசா சிரித்துவிட்டார்.

ஆகவே, மழை பெய்வதால் மட்டும் நெல் விளைவதில்லை; பயிர் கேட்கும் வேளை வரை, யார் அதட்டினாலும், பொறுத்து நிற்பவருக்கே விளைகிறது.