பல்லிக்கு இமை போன கதை

பல்லிகள் நம்மோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தீவு இருந்தது. அங்கே நல்ல தண்ணீருக்கு ஒரே ஓர் ஊற்றுதான். முத்துராக்கு என்ற பெண் அதைக் காவல் காத்தாள். கரையேறும் எந்த உயிரையும் முதலில் விசாரிப்பாள். எந்தக் கரை, என்ன இனம், கூட எத்தனை பேர் என்று கேட்டு, பறந்து வந்தவை, நீந்தி வந்தவை, மிதந்து வந்தவை என்று பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுவாள். கோடையில் ஊற்று சுருங்கிவிடும். அப்போது தனியாக வந்தவர்களுக்குத்தான் இடம். குடும்பமாக வந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி ஒரு கோடையில், மரக்கட்டை ஒன்றில் தொற்றிக்கொண்டு ஒரு சின்னப் பல்லி வந்து சேர்ந்தது. கட்டையின் பொந்தில் அதன் இரண்டு முட்டைகள் இருந்தன. மூன்று நாளாகப் பாவம், பொட்டுத் தூக்கமில்லை. ஊற்றடியில் நடந்த விசாரணை அதன் காதில் விழுந்தது. மூன்று உயிர் என்று சொன்னால் விரட்டிவிடுவாளே.

“நீ எந்தக் கரைடி?” என்றாள் முத்துராக்கு.

“தெக்குக் கரைக்கா.”

“கூட யாரும் உண்டா?”

பல்லி கட்டை கிடந்த பக்கம் திரும்பவே இல்லை. “யாருமில்லக்கா. நான் ஒண்டிதான்.”

முத்துராக்கு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினாள். குடித்து முடித்ததும் மூன்று நாள் தூக்கமும் பல்லியை அழுத்தியது. கட்டைக்கு ஓடு ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தானே என்று கண்ணை மூடியது.

விழித்தபோது கடல் ஏறியிருந்தது. கட்டையைக் காணோம். கரை முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு, முத்துராக்குவின் காலடியில் விழுந்து உண்மையைச் சொன்னது.

முத்துராக்கு தலையில் கை வைத்துக்கொண்டாள். “முட்டை என்னடி தண்ணி குடிக்கப் போகுது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கட்டைய மேட்டுல இழுத்துப் போட்டிருப்பேனே.”

முத்துராக்கு இடுப்பளவு நீரில் இறங்கி நின்று பார்த்தாள். பல்லி அவள் தோளில் இருந்தது. நீரோட்டம் மற்ற தீவுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கட்டை எதில் ஒதுங்குமோ, ஒதுங்காமலே போகுமோ.

“அங்க யாராச்சும் ‘நீ யாரு பிள்ளை’ன்னு கேட்டா, அதுக என்னக்கா சொல்லும்?” என்றது பல்லி. கண்ணை மூடியதால்தானே முட்டைகள் போயின என்று பல்லி தன் இரண்டு இமைகளையும் நகத்தால் பிய்த்துக் கடலில் எறிந்தது.

அன்று முதல்தான் பல்லிக்கு இமை இல்லை. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் துடைத்துக்கொள்கிறது. முட்டையைப் பாறையோடு பாறையாக ஒட்டி வைக்கிறது. பக்கத்துத் தீவுகளிலும் அதே ஜாடையில் சின்னப் பல்லிகள் உண்டு. அவை யார் வழி வந்தவை என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அவையும் கண் மூடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.