மடத்துப் பௌர்ணமி

“பௌர்ணமி ஏமாத்திட்டும்மா” என்றார் இன்னாசிமுத்து தண்டல்.

காந்திமதியம்மை தலை நிமிரவில்லை. மடத்து வாசலில் உட்கார்ந்து, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற ஒரு பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரை?”

“என்னைத்தான். ஊரை. எல்லாரையும்.”

தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். முள்ளித்துறையில் ‘அடைக்கலமாதா’ என்ற பாய்மரத் தோணியை முப்பது வருஷம் ஓட்டியவர். அம்மையைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவளைத்தான் குருவென்று வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தீராத சந்தேகங்களைச் சேர்த்து வைத்து, மாதம் தவறாமல் பௌர்ணமியன்று மடத்துக்குக் கொண்டுவருவார். கேட்பார். பதில் வந்ததோ இல்லையோ, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த அவசரத்தில்தான் தோணியைக் கெடுத்தார். துறைக்குள் வரும்போது சுற்றுவழியில் வரப் பொறுக்காமல், தண்ணீர் நிறைந்து கிடக்கிறதென்று நம்பி மணல்திட்டின்மேல் குறுக்கே விட்டார். தோணி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வெறுந்தோணி. இறக்கிவைத்துக் கனம் குறைக்கலாம் என்றால் சரக்கும் இல்லை.

தோணி முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். பௌர்ணமியன்று கடல் ஏறும்போது தோணி இறங்கினால் சரி. இறங்காவிட்டால் புதன்கிழமை உடைத்து விறகாக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் துறையின் வாயை அடைத்துக்கொண்டு அது கிடக்கக் கூடாது.

அன்று திங்கள்கிழமை. பௌர்ணமி.

“நாப்பது பேரு இடுப்புத் தண்ணியில நின்னு தள்ளுனோம். ரெண்டு விசைப்படகு கயிறு கட்டி இழுத்துச்சு. தேங்காயும் உடைச்சாச்சு, மெழுகுவத்தியும் ஏத்தியாச்சு. மூணு விரக்கடை தண்ணி பத்தலம்மா. மூணே மூணு விரக்கடை!”

அம்மை பானையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள்.

“நானே திட்டுல ஏத்துனேன். இப்ப என் கண்ணு முன்னால கோடாலி விழப்போவுது” என்றார் தண்டல். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“புதன்கிழமை மடத்துல பௌர்ணமி. சாப்பிட வாங்க, அண்ணாச்சி” என்றாள் அம்மை.

அது ஊரறிந்த கேலி. ஊருக்கெல்லாம் என்றைக்குப் பௌர்ணமியோ, அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் காந்திமதியம்மையின் மடத்தில் பௌர்ணமிப் பொங்கல். தாலி கட்டி முடிந்தபின் கல்யாண வீட்டுக்கு வருகிறவனை முள்ளித்துறையில் ‘வாங்க, மடத்துப் பௌர்ணமி’ என்பார்கள். ஏன் அப்படி என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. சிரிக்கக் கிடைத்ததை யார் உட்கார்ந்து ஆராய்வார்?

தண்டலுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“எழவு வீட்டுக்காரனைப் பொங்கல் திங்கக் கூப்பிடுதீங்களே, இது நல்லாருக்கா?”

“மத்தியானம் தண்ணி ஏறுச்சே, அப்ப நிலா எங்க இருந்துச்சு?”

“மத்தியானத்துல ஏதும்மா நிலா? சூரியன் உச்சியில நிக்கி. பௌர்ணமி நிலா அதுக்கு நேரெதிரே, காலுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம்.”

“அந்தப் பக்கம் இருந்தாலும் கடல் எந்திரிக்குதா?”

“எந்திரிக்கும். நிலா கடல் பெத்த பிள்ளைன்னு எங்க அப்பன் சொல்லுவான். பாற்கடலைக் கடையும்போது பிறந்ததாம். எங்க இருந்தாலும் பிள்ளை முகம் நிறைஞ்சிட்டா தாய் எந்திரிச்சிருவா.”

“எம்புட்டுப் பெரிய தாய்?”

“இது என்ன கேள்வி? கடலும்மா!”

“அம்புட்டு உடம்பைத் தூக்கிக்கிட்டு, கூப்பிட்ட அன்னைக்கே எந்திரிச்சிருவாளோ?”

தண்டல் கடலைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மடத்தின் பின்வாசல் படிகள் கடலுக்குள் இறங்கின. ஓரச் சுவர் நெடுக அவள் ஆணியால் கீறிய கோடுகள். மத்தியானத் தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு கோடு. அமாவாசைக் கோட்டின் மேல் ஒரு குழி. பௌர்ணமிக் கோட்டின் மேல் ஒரு வட்டம்.

“தோணி திட்டுல என்னைக்கு ஏறுச்சு, அண்ணாச்சி?”

“அமாவாசை கழிஞ்சு...”

தண்டலின் விரல் தானாகவே சுவரில் குழியைத் தேடிப் போனது. அடுத்த கோடு கொஞ்சம் மேலே. அதற்கடுத்த கோடு இன்னும் மேலே. அதன்பின்தான் இறக்கம்.

“ரெண்டாம் நாளு” என்றார்.

போன மாதத்து வட்டத்துக்குப் போனார். அங்கேயும் இரண்டாம் நாள். அதற்கு முந்தின மாதமும் இரண்டாம் நாள். வட்டத்துக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார்.

மூன்று விரல் அடங்கியது. நாலாவது விரலும் அடங்கியது.

இன்றைய வட்டம் ஈரம் காயாமல் இருந்தது. அதற்கு அப்பால் சுவர் வெறுமையாக இருந்தது.

தண்டல் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

புதன்கிழமை காலையிலேயே கோடாலிக்காரர்கள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். மாசானம் என்பவன் அவர்களுக்குத் தலைவன்.

தண்டல் வழியை மறித்து நின்றார். “தண்ணி ஏற மத்தியானம் ஒண்ணரை மணி ஆவும். அதுவரைக்கும் பொறு, மாசானம்.”

“பௌர்ணமிதான் முந்தாநாளே போயிட்டுதே, அண்ணாச்சி! முதலாளி சொல்லு. நாங்க என்ன செய்ய?” மாசானத்துக்கும் மனசில்லைதான். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான்.

அப்போதுதான் கைவண்டியில் அந்தப் பானை வந்தது. பின்னால் அம்மை வந்தாள்.

“வெறும் வயித்தோட கோடாலி தூக்குவாங்களா? இன்னைக்கு மடத்துப் பௌர்ணமி. சாப்பிட்டுட்டு உடைங்க.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாசானமும் சிரித்தான். அம்மை கடற்கரை மணலில் குனிந்து பார்த்து, திங்கள்கிழமைத் தண்ணீர் ஒதுக்கிப்போட்ட பாசிக்கு இரண்டடி மேலே, நேர்க்கோடாக இலை போட்டாள். சுடுமணலில் பந்தி வைக்கிறாளே என்று அதற்கும் ஒருமுறை சிரித்தார்கள்.

முதலில் பொங்கல். பிறகு பாயசம். பிறகு மறுபடியும் பொங்கல். அதன்பின் பழம்.

“இன்னுமா இருக்கு?” என்றான் மாசானம். பெல்ட்டை இரண்டு துளை தளர்த்தியிருந்தான்.

“பானை பெருசுப்பா.”

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அலை ஒன்று பாசியை நனைத்துவிட்டுப் போனது. இன்னொன்று பாசியை எடுத்துக்கொண்டே போனது. தண்டல் இடுப்புத் தண்ணீரில், தோணியின் வயிற்றில் கை வைத்தபடி நின்றார். அவருடன் எட்டு மாலுமிகள். திங்கள்கிழமை தள்ளியவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் கரையில் வேடிக்கை பார்த்தார்கள்.

“எம்மா!” என்று கத்தினான் மாசானம். “எலை மெதக்குது!”

அவன் முன்னால் இருந்த வாழையிலை, மிச்சப் பொங்கலோடு, மெதுவாக எழும்பித் திரும்பியது.

மாசானம்தான் முதலில் எழுந்தான். கோடாலியை மணலில் வீசிவிட்டுக் கடலுக்குள் ஓடினான். மற்ற ஐந்து பேரும் பின்னால் ஓடினார்கள். கரையே எழுந்து ஓடியது. மீன் கூடையைப் போட்டுவிட்டுப் பெண்கள் இறங்கினார்கள். விசைப்படகுகள் கயிற்றை விறைக்க இழுத்தன.

“ஏலேலோ!”

“ஐலசா!”

‘அடைக்கலமாதா’ முனகியது. ஒருபக்கம் சாய்ந்தது. அடிமரம் மணலைக் கரகரவென்று உரசியது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

தோணி மிதந்தது.

எழுந்த கூச்சலில் துறையின் காக்கையெல்லாம் பறந்து போயின. மாசானம் தண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவர் அழுதார், சிரித்தார், யாரையோ திட்டினார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கரையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, “மடத்துப் பௌர்ணமிக்கு!” என்று கத்த, ஊரே “ஜே!” போட்டது. இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

சொட்டச் சொட்ட நனைந்து தண்டல் கரையேறினார். அம்மை அடிப்பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!”

“மாசாமாசம் சாப்பிடக் கூப்பிட்டேன், அண்ணாச்சி. நீங்கதான் ரெண்டு நாளுக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிட்டீங்க.”