கொக்கியின் நீளக் கை

காய்ச்சலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் உடம்பு மட்டும் சுடாது. யார் அவள்?

கொசு என்று சொன்னவர்கள் முன்வரிசைக்கு வரலாம். கதை அவள் வயிற்றுக்குள் நடக்கிறது.

அங்கே குடல்சுவர் ஓரமாக இரண்டு காவல் புரதங்கள் இருந்தன. மூத்தவர் கிடுக்கியார். அவரிடம் தொழில் பழக வந்த குட்டிப் புரதம் கொக்கி. உடம்பைவிட அவன் கை நீளம்.

"ஐயா, என் வேலை என்ன?"

"புதுசா யார் வந்தாலும் பிடி."

சில நாள் கழித்து கொசு ஒரு காய்ச்சல்காரரைக் கடித்தாள். ரத்தத்தோடு ஒரு டெங்கு வைரஸ் மிதந்து வந்தது. கொக்கி பாய்ந்து அதன் சட்டையைப் பிடித்தான்.

"மாட்டினியா! நட உள்ளே, விசாரிக்கணும்!"

"அடிக்காதீங்கண்ணே, வர்றேன்" என்றது வைரஸ், மிகவும் பணிவாக.

கொக்கி பக்கத்து செல்லின் கதவைத் தட்டினான். காவல்காரன் முகத்தைப் பார்த்ததும் கதவு திறந்தது.

"ரொம்ப நன்றிண்ணே. இந்தக் கதவைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

சற்று நேரத்தில் அதே சட்டை போட்ட ஒரு கூட்டமே உள்ளிருந்து எட்டிப் பார்த்து, கொக்கிக்கு வணக்கம் வைத்தது.

கொக்கிக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, கொசு செத்துடுவாளா?"

"மாட்டா. செல்லுக்குள்ளே வைரஸை வெட்டுறவங்க இருக்காங்க. கூட்டத்தைக் குறைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஒழிக்கத்தான் முடியாது. அவ அடுத்து யாரைக் கடிக்கிறாளோ, காய்ச்சல் அவங்களுக்கு."

"எல்லாம் இந்தக் கையால வந்தது. இனி நீட்டவே மாட்டேன்!"

கொக்கி கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.



அப்போது குடலில் கிருமிக்கொல்லி மழை தொடங்கியது. கொசுவின் சொந்தப் படைதான் அதைப் பொழிகிறது. ஆள் பார்த்துப் பொழிய அதற்குத் தெரியாது. கொசுவுக்குச் சாப்பாடு செரிக்க உதவும் குட்டி பாக்டீரியாக்கள் கீழே அலறின.

"கொக்கியண்ணே, குடை! தினமும் உங்க கைக்கு அடியிலதானே ஒதுங்குவோம்! எங்கே போச்சு கை?"

கொக்கி திகைத்துப்போய்க் குருவைப் பார்த்தான்.

"நீட்டினா அந்த வைரஸ் பய மறுபடியும் தொத்திக்கிட்டு உள்ளே போவானே ஐயா?"

"போவான்."

"நீட்டலைன்னா?"

"இவங்க போயிடுவாங்க."

"வேற கை கிடைக்காதா?"

"எனக்கும் இதே கைதான்டா" என்றார் கிடுக்கியார்.

தூரத்தில் இன்னொரு வைரஸ், "அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது.

கொக்கி கையை நீட்டி பாக்டீரியாக்களை மூடினான்.