ஐவிக்குத் தாகமில்லாத நாட்கள்

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு சிறிய மடம். அதை நடத்தியவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான். எழுபதைத் தாண்டியவர்களும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். துறவு பூணும் முன் அவர் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர்.

மங்கையர்க்கரசிக்கு அறுபத்தேழு. மகள் உமையாள் காய்ச்சலில் போனபின், இரண்டு ஆண்டுகளாகத் திருச்சியிலிருந்து வந்து போகும் சீடர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாள். பத்து நாள் இருப்பாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்.

அந்த ஆவணியில் ஒரு மண்தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா இது?" என்றார் அம்மா.

"ஐவிக் கொடி. உமையாள் வச்சது. அவ கை பட்டதுல உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் போயிரும் போலிருக்கும்மா. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

கொடியில் பாதி இலைகள் உதிர்ந்திருந்தன. மிச்சமிருந்தவை விளிம்பில் கருகி, நடுவில் பச்சையாக நின்றன. தொட்டியின் கழுத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

"தண்ணி எப்படி விடுறீங்க?"

"வீட்ல இருக்கிறப்ப ஒரு நாள் தவறினதில்ல. குளிச்சிட்டு, ஈரப் புடவையோட, முதல் வேலை அதுதான். துளசிக்கு ஊத்துற மாதிரி ஒரு செம்பு. அப்புறம் மூணு சுத்து. இலை வாடினதும் ரெண்டு செம்பாக்கிட்டேன்."

"எங்கே வச்சிருக்கீங்க?"

"அவ படத்துக்குக் கீழே. விளக்குப் பக்கத்துல."

"உமையாள் இருந்தப்ப எங்கே இருந்தது?"

"அவ எங்க பார்த்தா? பாத்ரூம் ஜன்னல்ல கிடந்துச்சு. நினைப்பு வந்தா ஒரு கை தண்ணி தெளிப்பா. நான் திட்டுவேன். வாங்கிட்டு வந்தா போதுமாடி, ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தக் கை வலிக்குதான்னு."

"அப்ப எப்படி இருந்துச்சு?"

"கம்பியெல்லாம் சுத்திக்கிட்டுப் படர்ந்துச்சு. ஜன்னலைச் சாத்தவே முடியாது."

சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி கருகிய இலைகளைப் பார்த்தாள்.

அம்மா தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மண் ஒரே கட்டியாக வந்து விழுந்தது. புளித்த நாற்றம் எழுந்தது. வேர்கள் கறுத்திருந்தன. விரல் பட்டதும் அவற்றின் தோல் கழன்று வந்தது.

"இலை பச்சையாத்தானே இருக்கு?"

"இதுக்கு இலைதான் கடைசியில போகும். வேர் அழுகிப் பல நாளாச்சு."

"நான்தான் கொன்னுட்டேனா?"

"ஆமாக்கா."

சமையல் பார்க்கும் பொன்னாத்தா முறத்தோடு வந்து நின்றிருந்தாள். "அவங்க கேட்டா நீங்களும் பட்டுனு சொல்லிரணுமா? கொஞ்சம் மென்னு முழுங்கினா என்ன?"

"கேட்டாங்களே" என்றார் அம்மா.

"அதுக்கு?" என்று சொல்லிவிட்டு பொன்னாத்தா மங்கையர்க்கரசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க விடுங்கக்கா. நீங்க ஊத்தின தண்ணியில ரசம் வச்சிருந்தா தெருவே சாப்பிட்டிருக்கும். பாசந்தான், வேறென்ன."

அம்மா கொடியின் நுனிகளில் நான்கைக் கணுவுக்குக் கீழே வெட்டினார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து நான்கையும் அதில் நிறுத்தினார்.

"இதுல ஒண்ணாவது வேர் விட்டா உண்டு. இல்லேன்னா இல்ல. கை வைக்காதீங்க."

"பூ வைக்கலாமா?"

"வேண்டாம்."

"பேசலாமா?"

"பேசுங்க. அதனால ஒண்ணும் அழுகாது."

பத்து நாள் முடிந்தும் மங்கையர்க்கரசி ஊருக்குப் போகவில்லை. தம்ளருக்கு எதிரே பாயைப் போட்டுக்கொண்டாள். பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அம்மா அந்தப் பக்கம் வந்தபோது அவள் ஒரு நுனியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"வேர் வந்திருக்கான்னு பார்த்தேன்."

"வந்தா கண்ணாடி வழியாவே தெரியும்."

"தெரியலையே."

"அப்ப வரல."

"தினமும் தூக்கிப் பார்த்துட்டேம்மா."

"தெரியும். காம்பெல்லாம் நசுங்கியிருக்கு."

அடுத்த வாரம் இரண்டு நுனிகள் கறுத்தன. புரட்டாசி பிறந்த அன்று மூன்றாவது போயிற்று. மங்கையர்க்கரசி சாப்பாட்டுக்கு வரவில்லை. பொன்னாத்தா தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"மங்கக்கா, நம்ம பின்சுவர் முழுக்க இதே ஐவிதான். ரெண்டு முழம் வெட்டித் தர்றேன். தொட்டியில வச்சு எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல வச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, பொன்னாத்தா."

பொன்னாத்தா தட்டை வைத்துவிட்டுப் போனாள். அது அப்படியே ஆறிற்று.

அதன்பின் மங்கையர்க்கரசி தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் தம்ளர் முன்னால் உட்கார்ந்தாள். பார்க்கவும் பயந்தவள்போல் பல நேரம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, மிஞ்சிய ஒரு நுனியின் கணுவில் வெள்ளை நூல்போல் ஒன்று வெளியே வந்திருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவே வந்து பார்க்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருந்தாள்.

வேர் விரல் நீளம் வந்ததும் அம்மா அதை மண்ணில் வைத்தார். பழைய தொட்டி வேண்டாம் என்றார். அடியில் மூன்று ஓட்டை உள்ள சின்னத் தொட்டி ஒன்றைக் கொடுத்தார். பாதி மணலும் பாதி இலைமக்கும் கலந்த மண்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மங்கையர்க்கரசி அவர் முன் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கே வைக்கணும்?"

"உமையாள் வச்சிருந்த அந்த ஜன்னல்லயே. நேர் வெயில் வேண்டாம். விளக்குச் சூடும் வேண்டாம்."

"தண்ணி?"

"விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா ஊத்துங்க. ஈரம் தட்டுச்சுன்னா ஊத்தாதீங்க."

"எத்தனை நாளைக்கு ஒருதரம் காயும்?"

"உங்க ஊர் வெயிலுக்கு நாலஞ்சு நாள். மழைக்காலத்துல பத்து நாளும் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

மங்கையர்க்கரசி தலையாட்டினாள். எழுந்து தொட்டியைக் கையில் எடுத்தாள். ஆனால் போகவில்லை.

"நாலரைக்கு முழிப்பு வந்துரும்மா. குளிச்சிருவேன். செம்புல தண்ணி பிடிச்சிருவேன். அதை ஊத்தினாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது நகரும். அவளுக்குன்னு நான் செய்யிறதுக்கு வேற எதுவும் மிச்சமில்ல. மண்ணு ஈரமா இருக்கிற அன்னைக்கு அந்தச் செம்பை வச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

அம்மா தன் நகங்களுக்குள் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தெரிஞ்சிருந்தா" என்றார், "நான் ஏன்க்கா இந்த மலைக்கு வரப்போறேன்."