முறுக்குக்காரிக்கு வந்த பல்லக்கு

மருதங்கோட்டை ராஜா சிங்கபூபதிக்குத் திடீர் திடீரென்று யோசனை வரும். அவருக்கு யோசனை வந்தால் ஊருக்குத் தூக்கம் போகும். ஒரு வருஷம் அரண்மனைச் செலவில் பெரிய கல்செக்கு போட்டார். எண்ணெய் என்னவோ முதல்தரம். வாங்கத்தான் ஆளில்லை. அவரவருக்குப் பழகிய செக்கு இருக்கும்போது அரண்மனை வாசலில் போய் யார் நிற்பார்கள்?

ராஜா தண்டோரா போடச் சொன்னார். "நம் செக்குக்குப் புது ஆளை அனுப்பினால், தலைக்கு ஒரு கோடு உங்கள் பெயரில்! அதிகக் கோடு வாங்கியவருக்கு ராஜாவின் வெள்ளிப் பல்லக்கு! அடுத்தவருக்கு ஒரு குடம் எண்ணெய்!"

கடைவீதியில் முறுக்கு சுட்டு விற்ற செண்பகவல்லி ஆசைப்பட்டது அந்தக் குடம் எண்ணெய்க்கு. புருஷன் உப்பு வண்டியோடு தூர தேசம் போயிருந்தான். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. "முறுக்கு இப்படி மணக்குதே, என்ன எண்ணெயம்மா?" என்று கேட்டவரிடமெல்லாம், "அரண்மனைச் செக்குங்க. போனா என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

ஊரே போய்ச் சொல்லிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு! எண்ணெய்க் குடம் வேறு யாருக்கோ போயிற்று. இவள் தலையில் பல்லக்கு வந்து விழுந்தது.

பல்லக்கைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அவள் குடியிருந்த சந்தோ மூன்று முழ அகலம். ஆட்கள் சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கடைசியில் சந்து முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் சுங்க அதிகாரி சோமராயர் ஓலையும் கையுமாக வந்து நின்றார். அவர் மாளிகையின் கொல்லைப்புறம் அவள் வீட்டை ஒட்டியிருந்தது. அந்த இடத்தையும் சேர்த்துக் குதிரை லாயம் கட்ட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் கனவு.

"பல்லக்கின் மதிப்பு ஐந்நூறு பொன். பரிசுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி. எடு நூறு பொன்."

"நூறா! பொன்னை நான் பார்த்ததே என் தாலியிலதான் ஐயா. பல்லக்கை வித்துக் கட்டிடறேன்."

"ராஜா தந்ததைப் பிறருக்கு விற்றால் சிறை. வாங்கினவருக்கும் சிறை."

"அப்ப திருப்பிக் கொடுத்துடறேன்."

"ராஜா தந்ததை வேண்டாம் என்கிறாயா? அதற்குச் சவுக்கடி."

"நீங்களே தூக்கிக்கிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்!"

"ராஜபரிசை ஜப்தி செய்யக் கூடாதம்மா. வீட்டைச் செய்யலாம். வெள்ளிக்கிழமை உச்சிவேளை வரை தவணை." சொல்லும்போதே அவர் கண் வீட்டுச் சுவரை அளந்தது.

செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை சிரித்தால்கூடப் பயமாக இருந்தது. இந்தச் சிரிப்பை எந்தக் கூரையின் கீழ் கொண்டுபோய் வைப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு ஓடினாள். ராஜாவின் சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பெயர்போன அம்பலவாணர் அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். மூக்கைச் சொறிந்தார்.

"உள்ளே வா அம்மா. நான் என்ன உளறினாலும் நீ அழக் கூடாது. குழந்தை அழுதால் பரவாயில்லை."

சபை நடுவில் போய் நின்றவர், படாரென்று கை தட்டினார். "கேளுங்கள்! வெள்ளிப் பல்லக்கு ஏலத்துக்கு வந்திருக்கிறது! ஐந்நூறு பொன்! யார் கேட்கிறீர்கள்?"

செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. வீடுதான் போகும் என்று வந்தால், சிறைக்கே அனுப்பிவிடுவார் போலிருக்கிறதே இந்த மனுஷர்!

ராஜா புருவத்தை உயர்த்தினார். ஆனால் அம்பலவாணர் வாய் திறந்தால் முடிக்கும்வரை கேட்பது அவர் வழக்கம். சோமராயரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஐந்நூறு வேண்டாமா? சரி, நூறு? சோமராயரே, மதிப்பு எழுதியவர் நீங்கள்தானே. உங்களுக்கென்றால் பத்துப் பொன்."

"எனக்கென்ன பைத்தியமா? வாங்கிவிட்டுச் சிறையில் களி தின்னவா?"

"ஒரு பொன்?"

"வேண்டாமய்யா!"

"ஒரு செப்புக்காசு?"

"உடைந்த சோழிகூடத் தரமாட்டேன், போமய்யா!"

அம்பலவாணர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "மன்னா, சந்துக்குள்ளேயே நுழையாத உங்கள் பரிசுப் பல்லக்குக்கு நூறு பொன் வரி கேட்டு, இந்த அம்மாள் வீட்டை ஜப்தி செய்யப் போகிறார்கள். ஒரு பொருளுக்கு எவனாவது தரும் விலைதானே அதன் மதிப்பு? யாரும் வாங்கவே கூடாத பொருளுக்கு விலை ஏது? மதிப்புப் போட்ட அதிகாரியே சபையறியச் சொல்லிவிட்டார், உடைந்த சோழிகூடப் பெறாது என்று. அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த அம்மாள் இப்போதே கட்டிவிடுவாள்."

சபை கொல்லென்று சிரித்தது. சோமராயர் துள்ளி எழுந்தார். "இல்லை மன்னா! ஐந்நூறு பொன்தான்! சத்தியம் செய்கிறேன்!"

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்!" என்றார் அம்பலவாணர். "பிறருக்குத்தான் விற்கக் கூடாது. கொடுத்தவருக்கே விற்கலாமே! மன்னர் ஐந்நூறு பொன் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். நூறு வரிக்கு, நானூறு அம்மாளுக்கு. வாங்கினவருக்குச் சிறை என்றால், மன்னரைப் பிடித்துக்கொண்டு போக நீங்களே வாருங்கள்."

ராஜா முன்னால் குனிந்தார். "ஒன்றைச் சொல்லும் சோமராயரே. சோழியா, ஐந்நூறா? ஐந்நூறு என்றால் அந்த நானூறு கஜானாவிலிருந்து வராது. உம்முடைய சம்பளத்திலிருந்து வரும்."

சோமராயர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். "சோ... சோழிதான் மன்னா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "வைக்க இடமில்லாதவளுக்குப் பல்லக்கைக் கொடுத்தது என் புத்தி. அது இங்கேயே வந்து சேரட்டும். அனுப்பிய ஆளுக்கு ஒன்றாக முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளிப் பணம் இவளுக்குக் கொடுங்கள். வரி கிடையாது. இவள் வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது!"

செண்பகவல்லி குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டாள். அம்பலவாணர் சொன்னதையும் மீறி, ஓவென்று அழுதுவிட்டாள்.

"அம்பலவாணரே, உமக்கு என் பட்டத்து யானையைப் பரிசாகத் தருகிறேன்!" என்றார் ராஜா.

அம்பலவாணர் நாலடி பின்னால் நகர்ந்தார். "ஐயையோ, வேண்டாம் மன்னா! மத்தியானச் சாப்பாடு போடச் சொல்லுங்கள், போதும். சோமராயர் வந்து மதிப்புப் போடுவதற்குள் தின்று முடித்துவிடுவேன்!"